மேரி கொல்வின் கட்டுரைத் தொகுப்பு: வாங்குங்கள், ஆனால் நடுவிலிருந்து தொடங்காதீர்கள்

மூன்று கிழமையாக இந்தப் புத்தகத்தோடுதான் இருக்கிறேன், வாசித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். லண்டன் சண்டே டைம்ஸின் வெளிவிவகாரச் செய்தியாளராக இருந்த மேரி கொல்வின் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு இது, ஆன் த ஃப்ரண்ட் லைன் என்று பெயர், 2012இல் வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில்தான் அவர் சிரியாவில் கொல்லப்பட்டார். கொழும்பில் வருகிற சண்டே டைம்ஸ் வேறு, இது வேறு, கடையில் எனக்கே அந்தக் குழப்பம் வந்தது, அதனால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இப்படியொரு ஆங்கிலப் புத்தகத்தை நினைத்தவுடன் போய் வாங்க முடியாது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட நான் வழக்கமாகப் போகிற கடையில் சொல்லி வைத்தேன். அங்கே நிற்கிற தம்பி பெயரை ஒரு கொப்பியில் எழுதி, எழுத்துக் கூட்டிச் சரியா என்று திருப்பிக் கேட்டு, கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார். பதினொரு நாள் பிடித்தது. ஐயாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. வந்த பிரதியில் மட்டையின் ஒரு மூலை மடிந்திருந்தது. நான் வாய் திறக்க முதலே அவர் அதைக் காட்டி முந்நூறு ரூபா குறைத்துவிட்டார். புத்தகத்தில் மதிப்பு வைத்திருக்கிறவர்கள் நடத்துகிற கடை என்பது அதிலேயே தெரியும். அங்கே போகிறவர்கள் தேடுகிற புத்தகத்தின் பெயரை ஒரு துண்டில் வடிவாக எழுதிக் கொண்டு போங்கள், அவர்கள் எப்படியும் எடுத்துத் தருவார்கள்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். எங்களில் யார் கையில் இது கிடைத்தாலும் முதலில் செய்யப் போவதைத்தான் நானும் செய்தேன். பொருளடக்கத்தில் இலங்கையைத் தேடி நேராக அங்கே போனேன். 2001 ஏப்ரல், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி. அதுவரை ஆறு வருடமாக வெளிநாட்டுச் செய்தியாளர் எவரும் போகாத இடம் என்று அவர் எழுதுகிறார். ஐந்து லட்சம் சனம், உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை. புலிகள் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்து, நோர்வேக்காரர்கள் சமாதானப் பேச்சுக்காக ஓடித் திரிந்த காலம். அவர் புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனைச் சந்தித்துக் கதைக்கிறார், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார், சனத்தோடு இருக்கிறார். பிறகு திரும்பி வருகிற வழியில் இராணுவத்தின் பகுதிக்குள் நுழையும்போது சுடுகிறார்கள். ஏப்ரல் 16 இரவு, சித்திரை வருடப்பிறப்பு முடிந்து இரண்டு நாள். தான் ஊடகவியலாளர், அமெரிக்கர் என்று கத்துகிறார். சத்தம் வந்த திசைக்கே கிரனேட் வருகிறது. இடது கண் போய்விட்டது. அந்த நிலையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி மூவாயிரம் சொல்லில் கட்டுரை எழுதிக் காலம் தவறாமல் அனுப்பினார். அதற்குப் பிறகு சாகும்வரை கறுப்புக் கண்மறைப்போடுதான் திரிந்தார், அவரைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான்.

அந்தப் பக்கங்களை என் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, வயது எழுபத்தாறு. 2001இல் நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம், அக்கா குடும்பம் புதுக்குடியிருப்பில். நடுவில் பாதை இல்லை, தொலைபேசி இல்லை. அக்காவின் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் பனடோல் கிடைக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாத அந்த மாதங்களில், ஒரு அமெரிக்கப் பெண் அதே ஊர்களுக்குள் நின்று குறிப்பெடுத்திருக்கிறார். அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக் கொண்டிருந்தவர், சுடுகிற இடம் வந்ததும் என்னை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளை ஏன் தம்பி சத்தம் போட்டது? கிளாலிக் கடலில வள்ளத்தில வரேக்க குழந்தை அழுதாலும் வாயைப் பொத்தினனாங்கள் எல்லோ."

தான் அமெரிக்கர் என்று சொன்னால் சுட மாட்டார்கள் என்று அவர் நம்பினார், அம்மா, என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்ப எங்கட பிள்ளையள் என்ன சொல்லிக் கத்துறது?"

நான் பதில் சொல்லவில்லை, அடுத்த பந்திக்குப் போனேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு மூடி வைத்தால், இவர் எங்களுக்காக எழுதியவர், எங்கள் பக்கம் நின்றவர் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவோம். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மனம் கேட்காமல் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அப்போதுதான் ஆளின் அரசியல் என்ன என்பது விளங்கியது.

1956இல் நியூயோர்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பிய ஆறு பேரின் கதையை 1946இல் எழுதிய ஜோன் ஹெர்சி அங்கே நடத்திய வகுப்பில் இருந்தார், செய்தியாளராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிடித்தது. யூ.பி.ஐ. செய்தி நிறுவனம், அதில் பாரிஸ் அலுவலகம், பிறகு எண்பதுகளின் நடுவில் சண்டே டைம்ஸ். 1986இல் அமெரிக்க விமானங்கள் லிபியாவில் குண்டு போட்ட கையோடு அந்த நாட்டுத் தலைவர் கடாபியை முதலில் பேட்டி கண்டவர் இவர். வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு பேட்டியை வைத்தே ஆயுள் முழுக்கக் காலம் தள்ளியிருப்பார்கள்.

எனக்கு இவர் யார் என்று காட்டியது 1987. பெய்ரூட்டில் பூர்ஜ் அல் பராஜ்னே என்ற பலஸ்தீன அகதி முகாம். சிரியாவின் ஆதரவோடு அமல் என்ற லெபனான் ஷியா ஆயுத இயக்கம் அதைச் சுற்றி வளைத்து வைத்திருந்தது. உள்ளே சாப்பாடு இல்லை. ஆண்கள் வெளியே வந்தால் சாவு நிச்சயம் என்பதால் பெண்கள்தான் சாமான் வாங்க ஓடுவார்கள், அவர்களையும் குறிபார்த்துச் சுடுவார்கள். கொல்வினும் ரொம் ஸ்ரொடார்ட் என்ற படப்பிடிப்பாளரும் அமல் தளபதி ஒருவனுக்குக் காசு கொடுத்து, ஒரு நிமிடம் மட்டும் சுடாமல் இருக்கச் சொல்லிவிட்டு அந்த வெளியால் ஓடி உள்ளே போனார்கள். உள்ளே ஒரு இளம் பெண்ணைச் சுட்டுவிடுகிறார்கள், இருபத்திரண்டு வயது. அவள் காதில் சின்னத் தங்கத் தோடு. வலியில் இறுக்கிப் பொத்திய கைக்குள் இரத்தம் ஊறிய மண். கொல்வின் எழுதியது இவ்வளவுதான், அமல் சரியா பலஸ்தீனர் சரியா, சிரியாவின் கணக்கு என்ன என்று அந்த இடத்தில் ஒரு வரி கிடையாது. கட்டுரை வெளியாகிச் சில நாட்களில் முற்றுகை தளர்ந்தது.

அந்தப் பக்கத்தையும் அம்மாவுக்குச் சொன்னேன். தோடு என்றதும் அம்மாவின் கை தன் காதுக்குப் போனது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தபோது தோட்டைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தவர் அவர்.

பிறகு 1999, கிழக்குத் திமோர், டிலி நகரம். இந்தோனேசியாவிடமிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பு முடிந்து ஆயுதக் குழுக்கள் ஊரைக் கொளுத்துகின்றன. ஐ.நா. வளாகத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஐ.நா. ஆட்களும் செய்தியாளர்களும் வெளியேறுகிறார்கள். கொல்வினும் வேறு இரண்டு பெண் செய்தியாளர்களும் போக மாட்டோம் என்று நின்றுகொண்டு நாள்தோறும் செய்தி அனுப்புகிறார்கள். விட்டுவிட்டுப் போனால் வெட்கக்கேடு என்ற நிலைமையை உலகத்துக்கு உண்டாக்குகிறார்கள். நாலு நாளில் அந்தச் சனம் பத்திரமாக வெளியே எடுக்கப்பட்டது. 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. வாகனங்கள் புறப்பட்டபோது போக வேண்டாம் என்று வாசலில் நின்று அழுத சனத்தை அறிந்த எவரும் இந்த இடத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். டிலிக்குப் பிறகு, 1999 கடைசியில், செச்னியாவில் ரஷ்ய விமானங்களுக்கு நடுவில் அகப்பட்டு, பனிமலை ஏறி ஜோர்ஜியாவுக்குத் தப்புகிறார். அது நல்ல சாகசக் கதை, ஆனால் எனக்கு டிலிதான் பெரிது.

இவருடைய அரசியல் பார்வை என்ன என்று கேட்டால், கருத்தாக எழுதி வைத்தது மிகக் குறைவு. இடதா வலதா என்று இந்தப் புத்தகத்தில் தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. எங்கே போய் நிற்பது என்பதுதான் அவருடைய அரசியல். செல் விழுகிற பக்கத்தில் நிற்பது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது, நிலக்கீழ் அறையில் பெண்களோடு இருப்பது. அங்கே நின்று பார்க்கிறவருக்கு இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பந்தி பிரித்து எழுத வராது, அவர் அப்படி எழுதவும் இல்லை. அதே நேரம் எந்த இயக்கத்துக்கும் தலைவருக்கும் அவர் பேச்சாளராகவும் ஆகவில்லை. கடாபியைத் திரும்பத் திரும்பச் சந்தித்தவர், 2011 பெப்ரவரிக் கடைசியிலும் பேட்டி கண்டவர், கொஞ்ச நாளிலேயே கடாபியின் படை முற்றுகையிட்டிருந்த லிபிய நகரமான மிஸ்ராட்டாவுக்குள் போய் வாரக் கணக்கில் இருந்து அந்தச் சனத்தின் பாட்டை எழுதினார். எங்கள் விடயத்திலும் பாருங்கள், அமெரிக்கா புலிகளை 1997இலேயே தடை செய்துவிட்டது, பிரித்தானியா 2001 மார்ச்சில் தடை செய்தது. அமெரிக்கர், பிரித்தானியப் பத்திரிகைக்கு வேலை செய்கிறவர், அடுத்த மாதமே வன்னிக்குள் நிற்கிறார். தன் நாட்டு அரசு ஒரு இடத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது அங்கே பசியோடு இருக்கிற பிள்ளையைப் பார்ப்பதற்குத் தடையில்லை என்று நினைத்திருக்கிறார். 2010 நவம்பரில் லண்டன் சென்ற் பிரைட்ஸ் தேவாலயத்தில், போரில் இறந்த செய்தியாளர்களுக்கான வழிபாட்டில் அவர் பேசியதும் இதுவே: இந்தக் கதைக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா, எது துணிவு, எது வெறும் வீரவேடம் என்று ஒவ்வொரு முறையும் தங்களையே கேட்கவேண்டியிருக்கிறது என்று.

எங்கள் ஊரில் அரசியல் ஆய்வு என்று தினமும் ஒரு மணித்தியாலம் யூடியூபில் கதைக்கிறவர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த எழுத்து முதலில் வெறுமையாக இருக்கும். வல்லரசுகளின் நகர்வு, இந்தியாவின் உள்நோக்கம், அதெல்லாம் இதில் இல்லை. ஐம்பது பக்கம் தாண்டுங்கள், பிறகு அந்த ஆய்வுகளைக் கேட்க முடியாமல் போய்விடும். எனக்குப் போய்விட்டது.

2009 மே மாதக் கட்டுரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கட்டாயம் எல்லோரும் வாசிக்க வேண்டியது. போரின் கடைசி நாட்களில் புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவனும், 2001இல் அறிமுகமானவர் என்ற நம்பிக்கையில், சரணடைய வழி செய்து தரும்படி செய்மதித் தொலைபேசியில் இவரைத்தான் அழைத்திருக்கிறார்கள். ஆயுதங்களைக் கீழே வைக்கிறோம், அமெரிக்காவோ பிரித்தானியாவோ உயிருக்கு உத்தரவாதம் தரட்டும், தமிழருக்கு உரிமை தருகிற அரசியல் வழி ஒன்று வேண்டும் என்கிற செய்தியை இவர் ஐ.நா.வுக்குக் கொண்டு போனார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் அலுவலகத் தலைவர் விஜய் நம்பியாரோடு கதைத்தார், வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்ற பதில் வந்தது. மே 18 அவர்கள் உயிரோடு இல்லை. சரணடைந்தவர்களைக் கொல்லவில்லை என்று அரசு மறுத்தது. செய்தியாளர் ஒருவர் செய்தி எழுதுவதை விட்டுத் தூது போகலாமா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். இரவு ஒரு மனிதன் அழைத்து உயிரைக் காப்பாற்று என்றால் நான் செய்தியாளர் மட்டும்தான் என்று வைத்துவிட முடியாது. அவர் செய்தது சரி என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

குறை சொல்லவும் இருக்கிறது. பலஸ்தீனத் தலைவர் அரபாத் பற்றிய கட்டுரைகளில் கொஞ்சம் கிட்டப் போய்விட்டார், இருபது தடவைக்கு மேல் சந்தித்த ஆளைப் பற்றி எழுதும்போது கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. அடுத்தது, இது எனக்குப் பெரிய குறை: கூடவே போன உள்ளூர் ஆட்கள். மொழிபெயர்த்தவர்கள், வாகனம் ஓட்டியவர்கள், இருட்டில் காட்டுக்குள்ளால் வழிகாட்டிக் கூட்டி வந்தவர்கள் இந்தப் பக்கங்களில் நிழலாகத்தான் வந்து போகிறார்கள். பாதுகாப்புக்காகப் பெயரை மறைக்க வேண்டியிருந்திருக்கும், அது விளங்குகிறது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற எனக்கு உறுத்துகிறது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு, இரவு ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசியின் தமிழோசை கேட்ட சனம் நாங்கள். எங்கள் பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றி லண்டனில் இருந்து சொல்லக் கேட்டோம். லண்டனுக்கு அதைச் சொன்னது யார்? இங்கே இருந்த ஒருவர். மயில்வாகனம் நிமலராஜன், பிபிசிக்கும் வீரகேசரிக்கும் இங்கிருந்து செய்தி அனுப்பியவர், 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கொல்வின் வன்னிக்குப் போனது அதற்கு ஆறு மாதம் பிந்தி. நிமலராஜனுக்கு எந்தத் தூதரகமும் இல்லை, விமானம் பிடித்துப் போக நியூயோர்க்கும் இல்லை. இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். கொல்வினுக்கு ஐந்நூறு பக்கத்துக்கு மேல் தொகுப்பு இருக்கிறது. நிமலராஜன் அனுப்பிய செய்திகளை யாராவது இப்படித் தேடித் தொகுத்து ஒரு நல்ல அச்சில் கொண்டு வந்தால், அதற்கு ஐயாயிரம் என்ன, எவ்வளவும் கொடுத்து வாங்குவேன்.

கடைசிப் பகுதி சிரியா, ஹொம்ஸ் நகரம், பாபா அம்ர். மழைநீர் போகிற நீண்ட குழாய்க்குள்ளால் குனிந்து போய்த்தான் உள்ளே நுழைந்தார்கள். விதவைகளின் நிலவறை என்று அங்கே சொல்லப்பட்ட இடத்தில், குழந்தைகளோடு ஒளிந்திருந்த பெண்களைப் பற்றிய கட்டுரை 2012 பெப்ரவரி 19 வந்தது. மூன்றாம் நாள், 22ஆம் திகதி, அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் செல் விழுந்து கொல்வினும் ரெமி ஒக்லிக் என்ற பிரெஞ்சுப் படப்பிடிப்பாளரும் இறந்தார்கள். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசைப் பொறுப்பாக்கி 300 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தது. நிலவறைக் கட்டுரையை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. பங்கருக்குள் குழந்தைகளோடு இருந்த கதையை அக்காவின் வாயால் அவர் கேட்டது போதும்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விடயம். ஆங்கிலம் கடினமில்லை. பத்திரிகைக்கு எழுதியது, சின்னச் சின்ன வசனம், உயர்தரத்தில் ஆங்கிலம் ஓரளவு செய்தவர்கள் அகராதி இல்லாமலே வாசிக்கலாம். எழுத்து கொஞ்சம் சின்னது, இரவு குழல்விளக்கில் எனக்குக் கண் உளைந்தது, பகலில் வாசியுங்கள். கனமான புத்தகம், படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. ஒரே இருப்பில் வாசிக்கவும் வேண்டாம், நாளுக்கு இரண்டு கட்டுரை போதும், அதற்கு மேல் போனால் மனம் மரத்துப்போய், அடுத்து வருகிற பெண்ணின் தோடு கண்ணில் படாமல் போய்விடும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை நான் மேலே சொன்ன நிழல்களுக்காக.

புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. அக்காவின் மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கிறாள். 2009 மே மாதம் அவளுக்கு ஆறு வயது, அவளும் போர் முடிந்த அந்த முள்ளிவாய்க்கால் கடற்கரையில் இருந்தவள். கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னேன், முதல் பக்கத்திலிருந்து வாசி, இலங்கையைத் தேடிப் போகாதே என்று. போன ஞாயிறு சாப்பிட வந்தபோது இலங்கைப் பகுதிக்கு வந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லை மாமா, இன்னும் டிலியிலதான் நிக்கிறன்," என்றாள்.